ஒடித்து வளர்த்த முருங்கை

விளையாட்டு வீரர்களின் தன்வரலாறுகளில் பெரும்பாலானோர் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. எந்த ஊர், யாரோடு ஆட்டம், எத்தனைக்கு எத்தனை என்று வரிசையாக வரும் ஸ்கோர்கள். ஆடியவருக்கு அவை உயிர். நமக்குப் பழைய பஸ் டிக்கெட் மாதிரி. யெலேனா டோகிச்சின் ‘அன்பிரேக்கபிள்’ புத்தகத்தில் மட்டும் அப்படித் தாண்ட முடியவில்லை. அதில் ஒரு ஸ்கோர் வந்தால், அன்றைக்கு ராத்திரி அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதும் கூடவே வந்துவிடுகிறது. தோற்றால் அடி. பயிற்சி சரியில்லை என்றால் அடி. அப்பாவுக்கு மனசு சரியில்லை என்றாலும் அடி. கொஞ்ச தூரம் படித்ததும் நாமும் அந்தப் பிள்ளை மாதிரியே ஸ்கோரைப் பயந்து பயந்து பார்க்கப் பழகிவிடுகிறோம்.

ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஜெசிக்கா ஹாலரனுடன் சேர்ந்து டோகிச் எழுதிய இந்த நூல் 2017-இல் வந்தது. 2024-இல் அதே பெயரில் ஆவணப்படமும் வந்திருக்கிறது. தலைப்புக்குத் தமிழில் ‘ஒடிக்க முடியாதவள்’ என்று பொருள் சொல்லலாம். இரண்டைப் பற்றியும் எழுதியவர்கள் பெரும்பாலும் மீண்டெழுந்த கதை, மனவுறுதியின் கதை, போராளியின் கதை என்றே எழுதினார்கள். எனக்கு இந்தப் பாராட்டில்தான் சிக்கல். ‘மீண்டெழுதல்’ பெரும்பாலும் பார்வையாளர்கள் பயன்படுத்தும் சொல். விழுந்தவர் எழுந்துவிட்டார் என்று சொல்லிவிட்டால், அவர் விழும்போது நாம் எங்கே இருந்தோம் என்ற கேள்வி வராது. டோகிச்சின் புத்தகம் அந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. வாசகர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தோன்றுகிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டோகிச் 1983-இல் அன்றைய யூகோஸ்லாவியாவின் ஒசியெக் நகரில் பிறந்தவர். இப்போது அது குரோவேஷியா. அப்பா டாமிர் செர்பியர், அம்மா குரோவேஷியர். 1991-இல் போர் வந்ததும் குடும்பம் செர்பியாவின் சொம்போருக்கு ஓடியது. 1994-இல் அகதிகளாக ஆஸ்திரேலியா வந்து, சிட்னியின் மேற்குப் புறநகரான ஃபேர்ஃபீல்டில் குடியேறினார்கள். அப்போது யெலேனாவுக்கு 11 வயது. கையில் காசு இல்லை, வாயில் ஆங்கிலம் இல்லை. ஆறு வயதில் தொடங்கிய டென்னிஸ் மட்டும் இருந்தது.

ஐந்தே வருடத்தில், 1999 விம்பிள்டனில், தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்த 16 வயதுப் பெண் முதல் சுற்றிலேயே உலகின் முதலிட வீராங்கனையைச் சந்திக்கிறார். அந்தப் பெண்ணின் தரவரிசை 129. எதிரே மார்ட்டினா ஹிங்கிஸ். முடிவு 6-2, 6-0. டென்னிஸ் வரலாற்றின் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்றாக இன்றும் சொல்லப்படும் ஆட்டம் அது. அந்த வருடம் காலிறுதி, அடுத்த வருடம் அரையிறுதி, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 2001-இல் ரோம் பட்டம், 2002 ஆகஸ்டில் உலகத் தரவரிசையில் 4. இதுதான் வெளியே தெரிந்த யெலேனா.

புத்தகத்தின் பலம் என்ன என்று கேட்டால், இந்த வெளிப்பட்டியலுக்குப் பக்கத்தில் உள்ளே நடந்ததன் பட்டியலையும் தேதிவாரியாக வைப்பதுதான் என்பேன். 2000-ஆம் வருடத்தின் பிற்பாதியை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

ஜூலை. விம்பிள்டன் அரையிறுதி. 17 வயது. லிண்ட்சே டாவன்போர்ட்டிடம் தோற்கிறார். எந்த நாட்டிலும் அந்த வயதுப் பெண்ணைத் தோளில் தூக்கிக் கொண்டாட வேண்டிய முடிவு. அப்பாவுக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிறார். ஹோட்டலுக்கு வராதே என்று பதில் வருகிறது. போக இடமில்லை. வீரர்கள் ஓய்வறைச் சோபாவில் அன்றிரவு படுத்துவிடலாம் என்று ஒளிந்துகொள்கிறார். ராத்திரி சுத்தம் செய்ய வந்தவர்தான் பார்க்கிறார். உலகமே பார்த்த அரையிறுதியை ஆடிய பெண், அதே மைதானத்தில் யாரும் பார்த்துவிடக்கூடாது என்று ஒளிந்து கிடந்திருக்கிறார்.

ஆகஸ்ட். கனடா. அங்கே தோற்ற பிறகு, நினைவு தப்பும் அளவுக்கு அப்பா அடித்ததாக எழுதுகிறார். அதே மாதக் கடைசியில் அமெரிக்க ஓபன். வீரர்கள் உணவகத்தில் சால்மன் மீனின் விலை அதிகம் என்று டாமிர் சத்தம் போட்டு, காவலர்களால் வெளியேற்றப்படுகிறார். பெண்கள் டென்னிஸ் சங்கம் ஆறு மாதத்துக்கு அவருக்குத் தடை விதிக்கிறது.

இந்த மூன்றில் அன்றைக்கு உலகத்துக்குத் தெரிந்தது மீன் கதை மட்டும். பத்திரிகைகளுக்குச் செம தீனி. சிரித்தார்கள். டாமிர் டென்னிஸ் உலகின் கோமாளி ஆனார். சில வாரங்களுக்கு முன்னால் நினைவிழந்து கிடந்த மகளைப் பத்திரிகையாளர் சந்திப்பில் உட்கார வைத்து அந்தக் கோமாளியைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். அந்தப் பெண் அப்பாவை விட்டுக்கொடுக்காமல் பேசினார். விட்டுக்கொடுத்தால் ராத்திரி என்ன ஆகும் என்று அங்கே அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆவணப்படத்தில் அந்தக் காலத்துக் காட்சிகளைத் திரும்பப் பார்க்கிறோம். பதிலைவிட, பதில் சொல்லும் முகத்தைப் பார்க்கப் பார்க்கத்தான் வயிற்றைப் பிசைகிறது.

2001 ஜனவரி. ஆஸ்திரேலிய ஓபன். இனி மகள் யூகோஸ்லாவியாவுக்குத்தான் ஆடுவாள் என்று டாமிர் முடிவெடுத்துவிட்டார். முதல் சுற்றில் மறுபடியும் டாவன்போர்ட். மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பெண்ணைக் கூச்சலிட்டு விரட்டினார்கள். துரோகி என்ற பழி. மூன்று செட் போராடித் தோற்றார். ஊர் கைவிட்டதும் வீடு கைவிட்டதும் ஒரே பெண்ணிடம் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. தன் வாழ்க்கையில் மிகவும் வருத்தப்படும் விஷயங்களில் ஒன்றாக அந்த நாட்டு மாற்றத்தை டோகிச் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முடிவெடுத்தவர் அப்பா. வருத்தம் மட்டும் மகளுக்கு.

இந்த நூலை ஆண்ட்ரே அகாசியின் ‘ஓபன்’ நூலோடு சேர்த்து வாசிப்பது நல்லது. அங்கேயும் மகனை வைத்துக் கனவு கண்ட, நாடு விட்டு நாடு வந்து குடியேறிய முரட்டு அப்பா. ஆனால் அகாசிக்கு எழுத்துத்துணையாக இருந்தவர் ஜே. ஆர். மோரிங்கர், புலிட்சர் பரிசு பெற்றவர். பந்து வீசும் இயந்திரம் அந்தப் புத்தகத்தில் ‘டிராகன்’ ஆகிவிடுகிறது. வாக்கியங்கள் அழகாகச் சுழல்கின்றன. டோகிச்சின் புத்தகத்தில் டிராகன் கிடையாது. பெல்ட் பெல்ட்டாகவே இருக்கிறது, பூட்ஸ் பூட்ஸாகவே இருக்கிறது. உவமை அதிகம் இல்லாத, காவல் நிலையத்தில் கொடுக்கும் வாக்குமூலம் மாதிரியான நடை. இலக்கிய வாசகர்கள் இதைத் தட்டையான எழுத்து என்று ஒதுக்கிவிடக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடியை உவமையாக்கினால் வாசகருக்குப் படிக்கச் சுகமாகிவிடும். இந்த எழுத்து அந்தச் சுகத்தைக் கொடுக்க மறுக்கிறது. பதினைந்தாவது முறை அடி வரும்போது ‘மறுபடியுமா’ என்று நமக்குச் சலிப்பு வருகிறதே, அந்தச் சலிப்பைப் பற்றி நாம் யோசிக்க வேண்டும். அவருக்குச் சலிக்க வழியில்லை.

இங்கே நம் மொழியில் புழங்கும் ஒரு பழமொழிக்கு வர வேண்டியிருக்கிறது. முருங்கையை ஒடிச்சு வளக்கணும், பிள்ளையை அடிச்சு வளக்கணும். மலேசிய, சிங்கப்பூர் தமிழ் வீடுகளில் ரோத்தானைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. அதைவிட முக்கியம், வளர்ந்தபிறகு நாமே சொல்லும் வசனம்: “அப்பா அன்னிக்கு அடிச்சதாலதான் இன்னிக்கு நான் ஒரு ஆளா இருக்கேன்.” கல்யாண வீட்டில், பள்ளித் தோழர் சந்திப்பில், சிரித்துக்கொண்டே சொல்வோம். எல்லா ரோத்தானும் டாமிரின் பெல்ட் ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் டாமிர் சொன்ன நியாயமும் இந்த வசனத்திலிருந்து ரொம்ப தூரம் இல்லை. மகளை அடித்ததை அவர் மறுக்கவில்லை. அவள் நல்லதுக்குத்தான் என்றார்.

இந்த நியாயத்தைக் கோபத்தோடு ஒதுக்குவது எளிது. நேர்மையாகப் பார்த்தால் டோகிச்சின் தொழில் வாழ்க்கை முதல் பார்வையில் டாமிருக்குச் சாட்சி சொல்வது மாதிரியே இருக்கிறது. தரவரிசையில் நான்காம் இடம் 2002 ஆகஸ்டில். அதே வருடக் கடைசியில், 19 வயதில், அவர் குடும்பத்தை விட்டு வெளியேறுகிறார். பின்னால் தம்பியை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது என்பது அவரை விடாமல் துரத்துகிறது. வெளியேறிய பிறகு சரிவுதான். சில வருடங்களில் தரவரிசையில் நூற்றுக்கணக்கான இடங்கள் கீழே. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், ஆட்டமே இல்லாத மாதங்கள். “பாத்தியா, அப்பன் இருந்தவரைக்கும் மேல, போனதும் கீழ” என்று கணக்குப் போட யாருக்கும் தோன்றும். அன்றைக்குப் பலருக்குத் தோன்றியது.

கணக்கைச் சரியாகப் போட வேண்டும் என்றால் இன்னொரு பெண்ணையும் பார்க்க வேண்டும். 1999 விம்பிள்டனில் ஹிங்கிஸை வென்ற பிறகு, நான்காவது சுற்றில் டோகிச் தோற்கடித்தவர் மேரி பியர்ஸ். பியர்ஸின் அப்பா ஜிம்முக்கும் மகளைத் திட்டி, மிரட்டி, அடித்து வளர்த்தவர் என்ற பெயர் உண்டு. 1993-இல் அவரைப் போட்டிகளுக்குள் நுழையவிடாமல் டென்னிஸ் உலகம் தடை செய்தது. பியர்ஸ் தன் இரண்டு ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் பட்டங்களையும், 1995 ஆஸ்திரேலியாவையும் 2000 பிரெஞ்சு ஓபனையும், அந்தத் தடைக்குப் பிறகுதான் வென்றார். ஒடித்தால்தான் வளரும் என்ற விதிக்கு அவர் கதை பொருந்தவில்லை. டோகிச்சின் சரிவையும் அப்படித்தான் வாசிக்கிறேன். முருங்கை ஒடித்த இடத்தில் துளிர்ப்பது உண்மைதான். ஆனால் அது பலத்த காற்றுக்கு நிற்காத மரம் என்பதும் வீட்டுக் கொல்லையில் முருங்கை வளர்த்தவர்களுக்குத் தெரியும். 2003-க்குப் பிறகு நடந்தது, ஆறு வயதிலிருந்து வாங்கிய அடிக்கான பில் மொத்தமாக வந்து சேர்ந்தது. அப்பா இல்லாததால் வந்த வீழ்ச்சி என்று அதைச் சொல்ல முடியாது.

பியர்ஸை நினைவுபடுத்த இன்னொரு காரணமும் இருக்கிறது. டோகிச்சுக்கு நடந்தபோது ‘எங்களுக்குத் தெரியாதே’ என்று டென்னிஸ் உலகம் சொல்ல முடியாது. ஆறு வருடம் முன்பே ஓர் அப்பாவைத் தடை செய்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது. 1999-லேயே பர்மிங்ஹாம் போட்டியில் டாமிர் ரகளை செய்து வெளியேற்றப்பட்டார். கூட்டத்தில் கத்தும் ஆள், வீட்டுக்குள் எப்படி இருப்பார் என்று யோசிக்கப் பெரிய துப்பறிவு தேவையில்லை. நூல் வெளிவந்தபோது ஆஸ்திரேலிய டென்னிஸ் அமைப்பு, பலர் அக்கறைப்பட்டார்கள், சிலர் போலீசில் புகார்கூடக் கொடுத்தார்கள், சம்பந்தப்பட்டவர்களின் ஒத்துழைப்பு இல்லாததால் மேலே போக முடியவில்லை என்ற பொருளில் விளக்கம் தந்தது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ‘சம்பந்தப்பட்டவர்’ 16, 17 வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளை வாய் திறந்தால்தான் காப்பாற்றுவோம் என்றால், காப்பாற்றும் வேலையையும் பிள்ளையின் தலையிலேயே கட்டுகிறோம்.

வாய் திறந்தபோது என்ன ஆனது என்பதும் பதிவில் இருக்கிறது. 2009-இல் ஒரு பேட்டியில் அப்பா தன்னை அடித்ததை டோகிச் முதன்முறையாக வெளிப்படையாகச் சொன்னார். பதிலுக்கு டாமிர், செர்பியாவில் இருந்த ஆஸ்திரேலியத் தூதரை மிரட்டி, சிறைக்குப் போனார். தூதரை மிரட்டியதற்குச் சிறை உண்டு. மகளை அடித்ததற்கு எந்த நாட்டிலும் ஒரு வழக்கும் நடக்கவில்லை.

அந்த 2009-ஆம் வருடம் ஆட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. வைல்ட் கார்டு வாங்கி ஆஸ்திரேலிய ஓபனுக்குத் திரும்பினார். எட்டு வருடம் முன்பு கூச்சலிட்ட அதே ஊர். பாசெக், சக்வெதாட்ஸே, வோஸ்னியாக்கி, கிளேபனோவா என்று நான்கு பேரை வென்று காலிறுதியில் தினாரா சஃபினாவிடம் தோற்றார். ஐந்து ஆட்டமும் மூன்று செட். ஒன்றுகூட லேசில் முடியவில்லை. இம்முறை கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பத்திரிகைகளுக்கு ‘மீண்டெழுந்தாள்’ என்ற தலைப்பு கிடைத்தது. கைதட்டியவர்களில் எத்தனை பேர் 2001-லும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை யாரும் எண்ணவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது கோலாலம்பூர். 2011 மார்ச், மலேசிய ஓபன். முதல் சுற்றிலேயே பிரான்செஸ்கா ஸ்கியவோனே. முந்தின வருடம்தான் பிரெஞ்சு ஓபன் வென்றிருந்தவர். அவரைத் தோற்கடித்து, இறுதிவரை வந்தார் டோகிச். இறுதியில் லூசி சஃபரோவா. முதல் செட்டை 2-6 என்று இழந்தார். இரண்டாவது செட் டை-பிரேக் வரை போனது. அதை எடுத்து, மூன்றாவதை 6-4 என்று முடித்தார். அவருடைய ஆறாவது ஒற்றையர் பட்டம், கடைசிப் பட்டமும் அதுதான். ரோம், தோக்கியோ, மாஸ்கோ, சரசோட்டா, பர்மிங்ஹாம் என்று முதல் ஐந்தும் 2001, 2002-இல், அப்பாவின் கீழ் இருந்தபோது வந்தவை. ஆறாவதற்கு ஒன்பது வருடம் ஆனது. வீட்டை விட்டு வெளியேறிய பிறகு அவர் வென்ற ஒரே பட்டம் நம் ஊரில் வென்றது.

டென்னிஸ் கணக்கில் அது சின்னப் போட்டி. ஹிங்கிஸ் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஆனால் ஸ்கோரைப் படிக்கும் விதம் இங்கே மாறுகிறது. முதல் செட் 2-6 என்று இழந்தபோது, அன்று ராத்திரி எங்கே தூங்குவது என்ற கவலை அந்த ஸ்கோரில் இல்லை. தோற்றிருந்தால் வெறும் தோல்வி. விளையாட்டில் தோல்வி என்றால் அவ்வளவுதானே இருக்க வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிற ‘வெறும் தோல்வி’ அவருக்குக் கிடைக்க 27 வயது ஆகியிருக்கிறது. டோகிச்சின் மீட்சி என்று ஒன்று இருந்தால் கோப்பையைவிட அதில்தான் இருக்கிறது.

இனி நூலின் குறைகள். முதல் குறை தலைப்பு. உள்ளே ஒவ்வொரு பக்கமும் ஒரு குழந்தை எப்படி ஒடிக்கப்பட்டது என்று சொல்ல, அட்டை மட்டும் ஒடிக்க முடியாதவள் என்கிறது. அட்டை வாசகரைச் சமாதானப்படுத்துகிறது. எவ்வளவு அடித்தாலும் தாங்குவாள் என்று அதை வாசித்தால், டாமிரின் கட்சியில் போய் நிற்போம். இரண்டாவது குறை அம்மா. வீட்டுக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்த ஒரே பெரியவர் அவர். அவரும் பயத்தில் வாழ்ந்தவர்தான். ஆனால் அப்பாவைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதும் கை, அம்மாவிடம் வரும்போது தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ஓர் இலக்கிய ஆக்கம் அந்தத் தயக்கத்தையே ஓர் அத்தியாயமாக்கி இருக்கும். மூன்றாவது, நூல் முடியும் திசை. கடைசிப் பக்கங்களில் நம்பிக்கை வார்த்தைகள் கூடிக்கொண்டே போகின்றன. 2023-இல் வந்த அடுத்த நூலுக்கு ‘ஃபியர்லெஸ்’ என்று பெயர். அச்சமற்றவள். அந்த இரண்டு தலைப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் புத்தகக் கடையின் தன்னம்பிக்கை அலமாரி மாதிரிதான் இருக்கிறது.

அதே சமயம் அவர் வாழ்க்கை அந்த அலமாரிக்குள் அடங்கவில்லை. 2022-இல், அதாவது ‘ஒடிக்க முடியாதவள்’ வந்து ஐந்து வருடம் கழித்து, மறுபடியும் உயிரை விட்டுவிடும் விளிம்புவரை போய்த் திரும்பியதை அவரே பொதுவில் எழுதினார். தொலைக்காட்சியில் வர்ணனையாளராக வெற்றிகரமாக இருந்த காலம் அது. உடம்பு எடையை வைத்து முகம் தெரியாத ஆட்கள் இணையத்தில் கேலி செய்த காலமும் அதுதான். தலைப்பைப் பொய்யாக்கும் உண்மையைத் தலைப்புக்குச் சொந்தக்காரரே வந்து சொன்னதை நான் பெரிய துணிச்சலாகப் பார்க்கிறேன். எழுத்தாளராக அவர் நேர்மையாக இருந்த இடம் அது.

2025 மே மாதம் டாமிர் இறந்தார். இடையில் சமரசத்துக்கு முயன்றும், அந்த உறவு ஒட்டாமலே போயிருந்தது. எவ்வளவு விலகியிருந்தாலும் பெற்றவரை இழப்பது எளிதல்ல என்ற பொருளில் மகள் எழுதினார். பழிவாங்கும் வார்த்தை ஒன்றுமில்லை. மன்னித்துவிட்டேன் என்று நம்மைக் குளிர்விக்கும் வார்த்தையும் இல்லை. ‘அன்பிரேக்கபிள்’ நூலின் கடைசிப் பக்கங்களுக்குக் கிடைக்காத தொனி இது.

இந்தப் புத்தகத்தை நண்பர்களுக்குக் கொடுக்கும்போது ‘ஊக்கம் தரும்’ என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். ஊக்கத்துக்கு வேறு புத்தகங்கள் இருக்கின்றன. அந்த ஓய்வறைச் சோபா வரும் பக்கத்தைத் திறந்து கொடுங்கள். அன்று மாலை அந்தப் பெண்ணைத் தாண்டி எத்தனை பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று அவர்கள் யோசிக்கட்டும். ஆளைக் கண்டது, வேலைக்கு வந்த ஒரு துப்புரவுப் பணியாளர்.